தூரைச் சுற்றிய வேரை வெட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். திருகோணமலை உப்புவெளியில் வீடு, ஒன்பது வருடத்துக்கு முன் நட்ட ஒட்டு மா. மூன்று வருடத்துக்கு முன் மாரி வெள்ளத்துக்குப் பயந்து வளவை முக்கால் அடி மண் போட்டு உயர்த்தி, மேலே இன்டர்லொக் கல்லும் பதித்திருக்கிறீர்கள். இரண்டு வருடமாக வீட்டுப் பக்கத்துக் கிளைகளில் மட்டும் இலை சிறுத்து, மஞ்சளடித்து, நுனி காய்கிறது. இப்போது மதில் வேலைக்கு வந்த மேசன் தூரடியில் நாலு கல்லைக் கிளப்பிப் பார்த்தால், ஒரு வேர் அடிமரத்தைப் பாம்பு மாதிரிச் சுற்றிக் கிடக்கிறது. அவர் "அலவாங்கால் நாலு குத்து, எடுத்துவிடலாம்" என்கிறார். அம்மா "வேரில் கை வைத்தால் மரம் பட்டுப்போகும்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் உண்மையில் கேட்பது வேறு மாதிரித் தெரிகிறது: மரம் நலிவதற்கு அந்த வேர்தான் காரணமா, ஆமென்றால் எதை, எவ்வளவு, எப்போது வெட்டுவது. மேசன் சொல்வதில் பாதி சரி, அம்மா சொல்வதில் பாதி சரி. இருவரும் பேசாமல் விட்ட மூன்றாவது ஆள் ஒன்று இருக்கிறது, அது நீங்கள் போட்ட அந்த முக்கால் அடி மண்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். விவசாயப் போதனாசிரியராக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் அலைந்தவன். சம்பளம் வாங்கியது பெரும்பாலும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து நெல்லுக்கும் மிளகாய்க்கும்தான். வளவு மரங்களைப் பற்றித் தெரிந்ததில் பாதி படித்தது, மீதி "சேர், வந்த காலோடு இந்த மரத்தையும் ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிட்ட வீடுகளில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கற்றது. இது நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சொல்கிற பதில், கை வைத்துப் பார்த்துச் சொல்கிற பதில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. மரம் பருக்கிறது தோலுக்குச் சற்று உள்ளே இருக்கும் மாறிழையம் என்ற மெல்லிய படையால். அதற்கு வெளிப்பக்கம் உரியம், இலை சமைத்த சர்க்கரையை வேருக்கு இறக்குவது அதுதான். உட்பக்கம் காழ், வேர் உறிஞ்சிய தண்ணீரை மேலே ஏற்றுவது அது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இப்போது ஒரு வேர் அடிமரத்துக்குக் குறுக்கே ஒட்டிக் கிடக்கிறது என்று வையுங்கள். அடிமரம் வருடா வருடம் பருக்கிறது, வேரும் வருடா வருடம் பருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் விலக இடமில்லை. ஆட்டுக்குட்டியின் கழுத்தில் சின்னதில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது, அதிலும் இது தானும் தடிக்கிற கயிறு. முதலில் நசிவது வெளியே இருக்கிற உரியம். சர்க்கரை இறங்காததால் அந்தப் பக்கத்து வேர்கள் பட்டினி கிடக்கும், பட்டினி கிடக்கிற வேர் தண்ணீரும் உப்புச் சத்தும் ஒழுங்காக எடுக்காது, அதற்குப் பிறகுதான் மேலே இலை காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத்து வேர் பெரும்பாலும் அதே பக்கத்துக் கிளைகளுக்கே தண்ணீர் கொடுப்பதால் நலிவும் ஒரு பக்கமாகவே தெரியும். இதற்கெல்லாம் வருடக் கணக்குப் பிடிக்கும், பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டுப் பிறகு நலிகிற மரங்களும் உண்டு. அதனால்தான் யாரும் தூரைச் சந்தேகப்படுவதில்லை. பூச்சி மருந்து, பசளை, வேப்பெண்ணெய் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருப்போம்.

"போன வருடம் காய் கொட்டிக் கிடந்தது, வருத்தக்கார மரம் அப்படிக் காய்க்குமா" என்று கேட்டிருந்தீர்கள். காய்க்கும். பூக்காத மாவுக்கு அடிமரத்தில் கத்தியால் நாலு கொத்துக் கொத்திவிடுகிற பழக்கம் ஊரில் இருந்தது, பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். தோலைக் கொத்தினால் சர்க்கரை கீழே போகாமல் மேலே தங்கிவிடும், மரம் பூக்கும். உங்கள் மரத்தில் அந்த வேர் சத்தமில்லாமல் அதே வேலையைச் செய்திருக்கலாம். எனவே அந்தக் காய்ப்பை ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாக எடுக்க வேண்டாம், எனக்கு அது சந்தேகத்தைக் கூட்டுகிறது.

வேர் ஏன் இப்படிச் சுற்றுகிறது? பெரும்பாலும் பிழை நடுகிற அன்றைக்கு முன்னமே தொடங்கிவிடுகிறது. ஒட்டுக்கன்று கறுப்புப் பொலித்தீன் பையில் வளர்கிறது. ஆணிவேர் அடியில் முட்டி வளைகிறது, பக்கவேர்கள் பைச் சுவரில் முட்டிச் சுற்றத் தொடங்குகின்றன. பை சின்னது, கன்று விலைப்படாமல் ஒரு வருடம், இரண்டு வருடம் அதிலேயே நின்றால் உள்ளே இடியப்பம் மாதிரி ஒரு சுருள் உருவாகிவிடும். வேர் ஒரு தரம் மரமாகத் தடித்துவிட்டால் பிறகு நிமிராது, பையைக் கிழித்து நட்டாலும் அதே வளையத்திலேயே தடிக்கும். இரண்டாவது, ஆழ நடுவது. மூன்றடிக் குழி வெட்டி, எருவும் மேல்மண்ணும் பொதபொதவென்று நிரப்பி, அன்றைக்கே கன்றை நட்டால் ஒரு மாரிக்குள் மண் அமர்ந்து கன்றும் அரை அடி கீழே போய்விடும். பிறகு தண்ணீர் நிற்கட்டும் என்று சுற்றிலும் மண்ணை இழுத்து அணைப்போம். தூர் புதையப் புதைய, மேல்மண்ணில் காற்றுத் தேடி வருகிற புது வேர்கள் அடிமரத்தை உரசிக்கொண்டு போகும். மூன்றாவது உங்கள் கதை: நன்றாக நின்ற மரத்தின் மேல் மண் போட்டு உயர்த்துவது. திருகோணமலையில் இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. றோட்டை உயர்த்துகிறார்கள், வளவுக்குள் வெள்ளம் வருகிறது, நாங்களும் உயர்த்துகிறோம். வீட்டுக்குப் படி வைக்கலாம், மரத்துக்கு என்ன செய்வது? கன்னியாப் பக்கத்து இறுகிய செம்மண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. குழியின் சுவரை மண்வெட்டியால் வழவழவென்று செதுக்கிவிட்டால் அந்தக் குழியே ஒரு பூச்சாடி ஆகிவிடும், வேர் சுவரில் முட்டித் திரும்பி உள்ளேயே சுற்றும். உப்புவெளி மணலில் அந்தத் தொல்லை இல்லை.

இலை மஞ்சளாவதைக் காட்டிலும் எனக்குப் பயம் தருவது மரம் விழுவது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்குச் சற்று வடக்கே கரை ஏறியது நினைவிருக்கும். அடுத்த நாள் தெரிந்த வீடொன்றில் விழுந்த வேம்பைப் பார்க்கப் போனேன். மரம் வேரோடு பாறவில்லை, மண்ணுக்கு ஒரு அடி கீழே கரும்பை முறித்த மாதிரி முறிந்திருந்தது. அந்த வேம்பைச் சுற்றி இருந்து கதைப்பதற்கென்று சீமெந்து மேடை கட்டி உள்ளே மண் நிரப்பியிருந்தார்கள். முறிந்த இடத்தில் கயிறு அழுத்திய தடம் மாதிரி இரண்டு பள்ளம், வேர் இறுக்கிய இடம். இறுகிய இடத்தில் அடிமரம் தடிக்கவில்லை, மேலே மட்டும் தடித்துப் போயிருந்தது. ஒரு மரத்தை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஆட்கள் புயலில் விழுந்த தெரு மரங்களின் தூரைத் தோண்டிப் பார்த்து, வேர் இறுக்கிய இடத்திலேயே மண்ணுக்குக் கீழே முறிந்தவை நிறைய என்று கண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மரங்கள் லிண்டன், மேப்பிள், எங்களுடையவை வேம்பும் மாவும். ஆனால் நசிந்த இடம் பலவீனமான இடம் என்பதில் மர இனம் பெரிதாக வித்தியாசம் செய்யாது.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். வேர் கண்ணில் பட்டுவிட்டது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் மேல் போட வேண்டாம். கத்தி எடுக்க முன் வேறு சிலதையும் பார்த்துக் கழிக்க வேண்டும். காய்கிற கிளைகளில் குருவிச்சை என்ற ஒட்டுண்ணிச் செடி இருக்கிறதா? மாவில் அது சாதாரணம், குருவிச்சை ஏறிய கிளை நுனியிலிருந்து நலிந்துகொண்டு வரும், அந்தக் கிளையை அது பிடித்த இடத்துக்குக் கீழே வெட்டினால் போதும். அடிமரத்தில் துளையும் மரத்தூளும் கசிவும் இருந்தால் தண்டு துளைக்கிற புழு. உப்புக் காற்றென்றால் கடல் பக்கத்து இலையின் ஓரந்தான் முதலில் கருகும், உங்களுடையது மேற்கே வீட்டுப் பக்கம் என்பதால் அதை நான் பின்னுக்குத் தள்ளுகிறேன். சிப்பியும் சோகியும் கலந்த கரை மணலில் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல் போவதுண்டு, அப்போது கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், ஆனால் அது ஒரு பக்கமாக வராது. வீடு கட்டியபோது சீமெந்து குழைத்த தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றினார்களா, அந்தப் பக்கம் குழாய் போடக் கான் வெட்டினார்களா என்றும் யோசித்துப் பாருங்கள், ஒரு பக்கத்து வேரை ஒரே நாளில் அறுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து மரத்துக்கு நோய் என்று என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. இதெல்லாம் இல்லையென்றால் மிஞ்சுவது வேரும் மண்ணும். நீங்கள் சொன்ன காலக் கணக்கைப் பார்த்தால், மண் போட்டு ஒரு வருடத்துக்குள் நலிவு தொடங்கியிருக்கிறது. என் கணிப்பு இதுதான்: அந்த வேர் பைக் காலத்திலிருந்தே மெல்ல இறுக்கிக்கொண்டிருந்தது, மரம் சமாளித்துக்கொண்டிருந்தது. மேலே மண்ணும் அதை அமத்திப் பதித்த கல்லும் வந்து காற்றை அடைத்தபோது சமாளிக்க முடியாமல் போய்விட்டது. கணிப்புத்தான், தோண்டினால் மாறலாம்.

அதனால் முதல் வேலை வெட்டுவதில்லை, தோண்டுவது. அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் மூன்றடிக்கு இன்டர்லொக் கல்லை எடுத்துவிடுங்கள், மனமிருந்தால் நாலடி. பிறகு அலவாங்கையும் மண்வெட்டியையும் வீட்டுக்குள் வைத்துவிட்டு, கையாலும் சின்னக் கரண்டியாலும் மண்ணை எடுங்கள். வெளிநாட்டில் இதற்கென்றே காற்றை அழுத்தி ஊதுகிற கருவி வைத்திருக்கிறார்கள், வேரில் கீறல் விழாமல் மண்ணை மட்டும் ஊதித் தள்ளும். உங்களுக்கு அது தேவையே இல்லை, உப்புவெளி மணல் கடவுள் தந்த வசதி. தோட்டத்துக் குழாயை மெல்லத் திறந்துவிட்டால் மணல் தானாக விலகும். தேடுவது ஒன்றைத்தான்: அடிமரம் நேராக இறங்கி வந்து, யானைக்கால் மாதிரி விரிந்து, பெரிய வேர்களாகப் பிரிகிற இடம். அந்த விரிவுதான் மண்மட்டத்தில் தெரிய வேண்டிய இடம். விளக்குக் கம்பம் நட்ட மாதிரி அடிமரம் விரிவில்லாமல் மண்ணுக்குள் போனால், அல்லது ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் தட்டையாகப் போனால், அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் இறுக்கம் இருக்கும். வேலை செய்கிற நேரம் வெளியே தெரிகிற மெல்லிய வேர்கள் வெயிலில் காயாமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். ஒரு நாளில் முடிக்கத் தேவையில்லை, இரண்டு மூன்று பின்னேரம் எடுங்கள். மண்ணை எடுத்த பள்ளத்தை மறுபடி மூடக் கூடாது. வளவு உயர்ந்துவிட்டதால் சுற்றிலும் கல் அடுக்கி ஒரு சின்னக் கிணறு மாதிரி விடுங்கள், மணல் தண்ணீரைக் குடித்துவிடும்.

இனி வெட்டுவது. இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும், சுற்றுகிற வேரும் உயிருள்ள வேர்தான், கழுத்தை நெரித்துக்கொண்டே மரத்துக்குத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அம்மா சொல்வதில் உள்ள நியாயம் அதுதான். விரல் தடிப்பில், பெருவிரல் தடிப்பில் இருப்பவை அடிமரத்தை உரசிக்கொண்டு போனால் யோசிக்கவே வேண்டாம், வெட்டி எடுத்துவிடலாம், இன்னும் பத்து வருடத்தில் தொல்லை தரப்போவது அவைதான். மணிக்கட்டுத் தடிப்பில் அழுத்திக்கொண்டு, ஆனால் இன்னும் தோலுக்குள் புதையாமல் இருந்தால், அது பிரிந்து வருகிற இடத்தில் ஒன்று, அடிமரத்தைத் தாண்டி வெளியே போகிற இடத்தில் ஒன்று என்று இரண்டு வெட்டு, நடுத்துண்டைக் கழற்றி எடுக்கலாம். அடிமரத்தைத் தொடுகிற பக்கத்தில் வாள் ஓட்டாதீர்கள், கூரான உளியும் மரச்சுத்தியலும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குங்கள், வாள் ஒரு தரம் சறுக்கினால் நீங்கள் காப்பாற்ற வந்த தோலையே கிழித்துவிடும். வேர் ஏற்கனவே தோலுக்குள் புதைந்து, அடிமரம் அதை விழுங்கத் தொடங்கியிருந்தால் நெம்பி எடுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் துண்டித்துவிட்டு நடுத்துண்டை அப்படியே விடுங்கள், அது செத்து உக்கும், பருத்து இறுக்குவது அத்தோடு நின்றுவிடும். மேசனின் அலவாங்கை நான் மறுப்பது இந்த இடத்துக்காகத்தான். சுற்றுகிற வேரே அடிமரத்தின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அதைத் தொடாதீர்கள், அந்த மரம் அதில்தான் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானதை யாராவது நேரில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மொத்தத்தில் ஒரே தரத்தில் வேர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பழகியவர்கள் வைத்திருக்கிற கணக்கு, துல்லியமான அளவு இல்லை, ஆனால் மீறிப் பார்க்கவும் வேண்டாம். மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம். ஒரு சின்ன விஷயம், மாவின் பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட விடாதீர்கள்.

இந்த "ஒரே தரத்தில் வேண்டாம்" என்பதை நான் கற்ற விதம் அவமானமானது. என் வீட்டுக் கிணற்றடியில் ஒரு தேசி நின்றது, பன்னிரண்டு வயது. தூரில் நாலைந்து வேர் பின்னிக் கிடந்ததைக் கண்டு, அப்போதுதான் இதைப் பற்றி வாசித்த உசாரில், ஒரு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் பண்ணினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், பத்து நாளில் இலை சுருண்டது, ஆவணி முடிய மரம் முடிந்தது. மனைவி இன்றைக்கும் கடையில் தேசிக்காய் வாங்கும்போதெல்லாம் விலையை என்னிடம் சொல்லிக்காட்டுவா.

எனவே காலம் முக்கியம், புத்தகத்தில் இருக்கிற காலம் எங்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கு மழையின் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தரையை உறிஞ்சி எடுத்துவிடும். வேரை வெட்டிய மரம் குடிக்கிறது குறைவு, இலையால் விடுகிறது பழைய அளவு, கோடையில் வெட்டினால் என் தேசியின் கதைதான். அதற்காக நவம்பர், டிசம்பரில் வெட்டினால் இன்னொரு ஆபத்து, மண் சேறாகி, வாடைக் காற்றும் புயலும் வருகிற மாதங்களில் மரத்தின் பிடியைக் குறைக்கிறீர்கள். 1964 டிசம்பர்ப் புயலும் புரேவியும் அந்தக் காலத்தில்தான் வந்தன. நான் செய்வது இப்படி: விரல் தடிப்பு வேர்களை ஒக்டோபர் முதல் மழையோடு எடுத்துவிடுவேன். தடித்தவற்றை ஜனவரி கடைசி, பெப்ரவரி வரை வைத்திருப்பேன், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இருக்கும், பெருங்காற்று போயிருக்கும். அது மா பூக்கிற காலம், அந்த வருடத்துக் காய் குறையும், அதைப் பார்த்தால் முடியாது. வெட்டிய பிறகு வருகிற கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடுதான் அதைச் செய்யலாம். மண்ணை எடுப்பதற்கு மட்டும் காலம் பார்க்க வேண்டாம், நாளைக்கே தொடங்கலாம்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ற், சுண்ணாம்பு, சாணி எதுவும் பூச வேண்டாம், கூரான வெட்டு தானாக ஆறும். உடனே யூரியா போடவும் வேண்டாம். நலிந்த மரத்தைக் கொழுந்து விடச் சொல்லி அடிப்பது, காய்ச்சல்காரனை ஓடச் சொல்வது மாதிரி. சரியாகச் செய்ய வேண்டியது தண்ணீர், அதுவும் தூரில் இல்லாமல் கிளைகளின் நிழல் விழுகிற வட்டத்தில், கிழமைக்கு ஒருக்காலோ இரண்டு தரமோ, ஆழமாக. தினமும் தூரில் ஒரு வாளி ஊற்றுகிற பழக்கம் வேரைத் தூருக்கே இழுத்து வரும். கோடையில் உங்கள் கிணறு உவர்க்குமென்றால் குழாய்த் தண்ணீர் கொடுங்கள். நிலத்தில் காய்ந்த இலையும் பொச்சுமட்டையும் மூன்று நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பலாம், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, இல்லையென்றால் கறையானுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். காய்ந்த கிளைகளை எடுங்கள், பச்சைக் கிளைகளை "சமப்படுத்துகிறேன்" என்று வெட்டாதீர்கள், மரத்துக்குச் சமைக்கிறது அந்த இலைதான். அடுத்த வருடம் இதே காலத்தில் தூரை மறுபடி பாருங்கள், வெட்டிய நுனியிலிருந்து புது வேர்கள் கிளம்பி மறுபடி குறுக்கே ஓடுவது வழக்கம், அப்போது அவை செக்கற்றர் கத்தரியால் நறுக்கக்கூடிய அளவில்தான் இருக்கும்.

இனிச் சந்தேகமான பகுதி, மரம் தேறுமா? இதில் உறுதியாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். சுற்றுவேர் பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பங்கு குளிர்நாட்டு மேப்பிள் மரங்களில் நடந்தது, அதிலேயே சுற்றுவேர் இருந்தும் நன்றாக நிற்கிற மரங்களைக் கண்டிருக்கிறார்கள், வேரை எடுத்தும் பெரிய வித்தியாசம் தெரியாத மரங்களையும் கண்டிருக்கிறார்கள். வெட்டினால் நல்லது என்பது நியாயத்தாலும் அனுபவத்தாலும் சொல்வது, அட்டவணை போட்டு நிரூபித்தது இல்லை. என் கண்ணால் கண்டது இவ்வளவு: அடிமரச் சுற்றளவில் கால்வாசிக்குள் இறுகியிருந்த மாமரங்கள், மண்ணை எடுத்து வேரை எடுத்த இரண்டாம் வருடம் கொழுந்து விட்டன. பாதிக்கு மேல் இறுகியவற்றில் மனதுக்கு நிறைவாகத் தேறியதென்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. உங்கள் படத்தில் தெரிகிற பக்கம் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு இறுகியிருக்கும், மறுபக்கம் தெரியவில்லை. ஒன்பது வயது மரம், இளமை, அது உங்களுக்குச் சாதகம். தேறுகிறதா என்பதை ஒரு வருடத்தில் தீர்மானிக்காதீர்கள், முதல் வருடம் இன்னும் கொஞ்சம் நலிந்தே தெரியலாம். மரம் வீட்டுப் பக்கம் சாயத் தொடங்கினாலோ, தூரைச் சுற்றி மண் வெடித்தாலோ இந்தப் பதிலையெல்லாம் விட்டுவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் தன் தென்னையின் அடியிலும் வேர் சுற்றுகிறது, வெட்டவா என்று கேட்டிருந்தார். வேண்டாம். தென்னை, பனை, கமுகு இவற்றுக்கு மாறிழையமே இல்லை, மா மாதிரி அடிமரம் வருடா வருடம் பருப்பதில்லை, வேரும் ஒரு தடிப்போடு நின்றுவிடும், நெரிக்க வழியில்லை. அடியில் தெரிகிற அந்தக் கற்றை அதற்கு இயல்பு. வேம்பு, பலா, புளி, நாவல், கொய்யா எல்லாம் மாவின் கட்சி. பறவை போட்ட விதையில் பனை மேல் முளைத்து இறங்குகிற ஆல் வேறு சங்கதி, அது அந்நிய மரம் வந்து நெரிப்பது, சின்னதில் பிடுங்குவதுதான் வழி.

மதிலோரம் புதிதாக இரண்டு கன்று வைக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். நாற்றுக் கடையில் உயரமான கன்றைத் தேடாதீர்கள், பையின் அடியால் வேர் பிதுங்கித் தரையைப் பிடித்திருந்தால் அது பழைய கன்று, விட்டுவிடுங்கள். வீட்டில் பையைக் கிழித்ததும் உள்ளே வேர் சுற்றியிருந்தால் பாவம் பார்க்காமல், கூரான கத்தியால் மேலிருந்து கீழே நாலு பக்கமும் ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறுங்கள், அடியில் சுருண்டதை நறுக்கிவிடுங்கள். கன்றுக்குச் செய்கிற இந்த ஐந்து நிமிட வேலை, பத்து வருடம் கழித்து உளியோடு குந்தியிருக்கிற வேலையை மிச்சப்படுத்தும். குழியை நிரப்பித் தண்ணீர் விட்டு இரண்டு கிழமை அமர விட்டுப் பிறகு நடுங்கள், முதல் வேர் பிரிகிற இடம் மண்மட்டத்தில் இருக்கட்டும், ஒட்டிய இடம் அதற்கும் நன்றாக மேலே. ஊருக்குள் மான்கள் வந்து கடிக்கின்றன என்று தகரத்தாலோ ரயராலோ வளையம் வைக்கிறீர்களென்றால் வையுங்கள், வேறு வழியில்லை, ஆனால் அதற்குள் மண்ணை நிரப்பாதீர்கள், மூன்றாம் வருடம் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

இப்போதைக்கு மண்ணை எடுத்துவிட்டுத் தூரை நாலு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள், அளவு தெரிய வேர் மேல் ஒரு நெருப்புப் பெட்டி வையுங்கள், பார்த்து எந்த இடத்தில் வெட்டு என்று குறித்துத் தருகிறேன். அதுவரை மேசன் மதிலைக் கட்டட்டும், அந்தப் பக்கம் அத்திவாரம் வெட்ட முன் மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதையும் எழுதுங்கள்.